முதல் சம்பளம் 250 டாலர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் கூடைப்பந்தையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறாள் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தீர்கள். போன சனிக்கிழமை நீங்கள் பேசிய முக்கால் மணி நேரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரல்களைச் சேர்த்து ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரிப்பதும் திரும்ப ஒட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போதுதான், "சார், உங்களுக்குப் பேட் சம்மிட் தெரியுமா?" என்று கேட்டாள். "பார்த்தீங்களா சார், எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிற பொம்பளையைக் காட்டி ப்ளஸ் டூவைக் கெடுத்துக்கிறா" என்றீர்கள் நீங்கள். வெளியே அடுத்தவர் காத்திருந்ததால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

தெரியும். சொல்லப்போனால், அவர் கதையை உங்கள் மகளைவிட நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

அவள் போனில் பார்ப்பது கோப்பைகளை. டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 சீசன் பயிற்சியாளர், 1,098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசிய சாம்பியன் பட்டம். 1997-98 சீசனில் 39 ஆட்டம் ஆடி முப்பத்தொன்பதிலும் ஜெயித்தது அவர் அணி. இதையெல்லாம் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் ஆசை வரும். ஆனால் ஒரு தொழிலை எடை போட அதன் கடைசி வருடத்தைப் பார்க்கக் கூடாது, முதல் வருடத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருடமாக எல்லாப் பெற்றோரிடமும் நான் சொல்வது இதுதான்.

முதல் வருடம் 1974. பேட்டுக்கு வயது 22, அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தார். டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லில் முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்றுதான் போனார். இருந்த பயிற்சியாளர் விலகிவிட, அணி மொத்தமும் இவர் தலையில் விழுந்தது. அணியில் நான்கு பேர் இவரைவிட ஒரே ஒரு வயது இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வேனை ஓட்டியது அவர், வியர்த்த சீருடைகளைத் துவைத்ததும் அவர். அந்தச் சீருடையே முந்தைய வருடம் டோநட் விற்ற காசில் வாங்கியது. வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குப் போனபோது தங்க இடமில்லாமல், எதிரணியின் ஜிம் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. இதற்கு நடுவே முதுகலை வகுப்பு, தானே எடுக்க வேண்டிய பாடங்கள், அடிபட்ட முழங்காலுக்குச் சிகிச்சை, 1976 ஒலிம்பிக்குக்கான பயிற்சி. மாண்ட்ரியலில் நடந்த அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அமெரிக்க அணியில் அவரும் ஆடினார். எட்டு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான்.

இந்தப் பத்தியை மட்டும் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். துவைக்கிற வேலையைக் கேட்டு முகம் சுளித்தால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, ஆசை தானாகப் போய்விடும். "சரி, அப்புறம்?" என்று கேட்டால் நாம் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்து உங்கள் பயம்: பந்து வந்தால் படிப்பு போகும். இதற்கு பேட் சம்மிட்டைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. அவர் அணிப் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும். கடைசி பெஞ்சு கிடையாது. வகுப்புக்கு மட்டம் போட்டால் அடுத்த ஆட்டத்தில் வெளியே. டென்னசியில் அவரிடம் தங்கள் ஆட்டக் காலத்தை முழுதாக முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள், ஒருவர் விடாமல். எட்டு சாம்பியன் கோப்பையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் பள்ளிகளில் ப்ளஸ் டூ வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். அங்கே கூடைப்பந்து டீச்சரே கணக்கு வகுப்பில் உட்கார வைத்தார்!

கறாரான மனுஷி என்பதையும் மறைக்க வேண்டாம். தப்பு செய்தவளை அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்தப் பார்வை டென்னசியில் பெயர் போனது. அந்தக் கண்டிப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. உங்கள் மகள் திட்டு வாங்கினால் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பம், அப்பா கண்டிப்பானவர். அவர்கள் ஊரான கிளார்க்ஸ்வில் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக, அணி இருக்கிற பக்கத்து ஊருக்குக் குடும்பமே வீடு மாறியது. அண்ணன்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் கல்லூரி. பெண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது, கட்டணத்தை வீடுதான் கட்டியது. உங்களை வீடு மாறச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அமெரிக்கக் கதை இங்கே பொருந்துமா என்ற ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். அவர் உழைப்பு பாதி, காலம் பாதி. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் வந்தது. கல்லூரிகள் பெண்கள் அணிக்கும் பணம் ஒதுக்கத் தொடங்கின. 250 டாலரில் தொடங்கியவர் 2006இல் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது அந்த அலையில்தான். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

இங்கே கணக்கு வேறு. ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருட பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பு முடித்தால் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம். அதன் முதுகலையான எம்.பி.எட்., பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்தைப் பொறுத்தவரை உங்கள் உறவினர்களுக்கு வாய் அடைக்கும் பதவி அது. பயிற்சியாளராகவே ஆக வேண்டும் என்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ இருக்கிறது. அதற்குப் பட்டமும் வேண்டும், ஆடிய சான்றும் வேண்டும். சென்னையிலேயே நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு.

பிற்காலத்தில் என்ன மிஞ்சும் என்றும் கேட்டீர்கள். 2011இல் பேட் சம்மிட்டுக்கு 59 வயது. அல்சைமர் வகை மறதி நோய் தொடங்கியிருப்பதாகத் தெரிந்ததும் அவரே வெளியில் அறிவித்தார். அறிவித்துவிட்டு இன்னும் ஒரு சீசன் அணியுடன் இருந்தார். 2012இல் விலகியபோது அந்த நாற்காலிக்கு வந்த ஹோலி வார்லிக், அவரிடமே ஆடி, அவரிடமே உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தவர். இன்னொரு மாணவி காரா லாசன் பின்னாளில் டியூக் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். பேட் 2016இல், 64 வயதில் காலமானார். கடைசி நாட்களில் அவர் எத்தனை ஆட்டத்தை நினைவு வைத்திருந்தாரோ தெரியாது, அவர் சொல்லிக்கொடுத்ததை நினைவு வைத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். ப்ளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல், மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள் எல்லாம் அசலாகக் கொண்டுவாருங்கள். சான்றிதழ்களை லேமினேட் செய்துவிடாதீர்கள், சரிபார்க்கும் இடத்தில் தகராறு வரும். அந்த விரலை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். பிளாஸ்டரை உரித்து உரித்து ஒட்டினால் ஆறாது.