பகா எண்: பார்த்தால் தெரியாது, வகுத்தால்தான் தெரியும்

ராமநாதபுரத்தின் பின்கோடு 623501. 2 முதல் 50 வரை எல்லா எண்ணாலும் வகுத்தேன், மீதி வருகிறது. பகா எண்தானே?
(பிளஸ் ஒன் மாணவி, கீழக்கரை)

இல்லை. 50-இல் நிறுத்தியதுதான் கோளாறு. வர்க்கமூலம் வரை போயாக வேண்டும். இங்கே அது சுமார் 789.6. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் இரண்டும் ஒருசேர வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது, சிறியது அதற்குள் சிக்கிவிடும். அதே சமயம் எல்லா எண்ணாலும் வகுப்பது வீண்வேலை. 4-ஆல் வகுபடும் எண் 2-ஆலேயே வகுபட்டிருக்கும். பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 789-க்குள் அவை 138.

வரிசையாகப் போங்கள். 29-க்கும் 43-க்கும் மீதி 1 வந்து ஆசை காட்டும். முதல் 81 பகா எண்களுக்கும் மீதி உண்டு. 82-ஆவதான 421-இல் மாட்டுகிறது: 421 × 1481 = 623501. பாதியில் விட்டவர் பகா எண் என்றே சாதிப்பார். உங்கள் ஊரின் 623517-க்கு இந்தப் பாடு வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் 24, ஆகவே 3-ஆல் வகுபடும்.

2-ஐப் பகா எண் அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் எப்போதும் பகா எண் கிடைக்குமா?
(கணித ஆசிரியர், மண்டபம்)

கிடைக்காது. அடுக்கு 11-க்கு 2047 வரும். அது 23 × 89. இவ்வகை எண்களுக்கு லூக்கா-லேமர் சோதனை இருக்கிறது. வகுப்பில் கரும்பலகையிலேயே செய்யலாம்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை செய்து கடைசியில் 0 வந்தால் பகா எண். அடுக்கு 5, எண் 31 என்றால் மூன்று தடவை: 14, 8, 0. பகா எண்தான். 2047-க்கு ஒன்பதாம் தடவை 1736 வரும், ஆகவே தேறவில்லை. ஒவ்வொரு தடவையும் மீதி எடுக்க மறந்தால் இலக்கங்கள் இரட்டித்துக்கொண்டே போய்க் கணக்கு கைமீறிவிடும்.

2024 அக்டோபரில் கண்டுபிடித்த பெரிய பகா எண்ணில் எத்தனை இலக்கம் என்று நாமே கணக்கிடலாமா?
(வாசகர், ராமேஸ்வரம்)

தாராளமாக. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு, அதுதான் அந்த எண். அடுக்கை 2-இன் மடக்கையால் (10 அடிமான log) பெருக்கி, தசமப் பகுதியை விட்டு, 1 கூட்டுங்கள். மடக்கையை 0.30103 என்று எடுத்தால் 4,10,24,321 வரும், அது தவறு. இவ்வளவு பெரிய அடுக்கில் அந்தச் சிறு பிசகே ஓர் இலக்கத்தைக் கூட்டிவிடுகிறது. 0.30102999566 என்று எடுங்கள், சரியான விடை 4,10,24,320 கிடைக்கும்.

கடைசி இலக்கமும் கைக்கணக்கே. 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே சுழன்று முடியும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2-இல் முடியும். ஒன்று கழித்தால் 1.

எக்செல்லில் 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் விடை சுழிகளில் முடிகிறதே?
(கணினி மையம் நடத்துபவர், தொண்டி)

எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியம் காக்கும். உண்மையான விடை 147573952589676412927. பைத்தான் என்ற நிரல்மொழியில் போட்டால் முழுசாக வரும். 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் இதன் காரணிகளைக் காட்டினார்: 193707721 × 761838257287. பெருக்கிச் சரிபார்ப்பதையும் பைத்தானிலேயே செய்யுங்கள்.