அஜீஸ் சன்ஜாரின் ஆய்வுப் பாதை: டி.என்.ஏ. பழுதுநீக்கம் பற்றிக் கேள்வி பதில்

(2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபலைத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் இருவருடன் பகிர்ந்துகொண்டவர் அஜீஸ் சன்ஜார். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சேப்பல் ஹில் வளாகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். அவருடைய பணி குறித்து வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.)

பள்ளி ஆசிரியர் ஒருவர்: சன்கார் என்று எழுதுவதா, சன்ஜார் என்பதா? டாக்டருக்குப் படித்தவர் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்?

சன்ஜார்தான். துருக்கிய மொழியில் ஆங்கில ‘சி’ எழுத்துக்கு ‘ஜ’ ஒலி.

1946-இல் தென்கிழக்குத் துருக்கியின் சவூர் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். 1969-இல் இஸ்தான்புல்லில் மருத்துவம் முடித்து, சொந்த ஊர்ப்பக்கம் சில காலம் வைத்தியம் பார்த்தார். 1971-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது ஒத்துவரவில்லை, ஊர் திரும்பிவிட்டார். இரண்டாம் முறை போனது டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, கிளாட் ரூபர்ட்டிடம். ஒளியால் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் நொதியைச் சோதனைக்குழாயில் முதலில் காட்டிய குழுவைச் சேர்ந்தவர் ரூபர்ட். 1977-இல் முனைவர் பட்டம். அடுத்து மூன்று ஆய்வகங்களுக்கு விண்ணப்பித்தார், மூன்றுமே கைவிரித்தன. யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப் என்பவரின் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலைதான் கிடைத்தது. 1982-இல் சேப்பல் ஹில்லுக்குப் போனார்.

எம்.எஸ்சி. மாணவி: முனைவர் பட்டத்துக்கு அவர் பிரித்தெடுத்த ஃபோட்டோலயேஸ் (ஒளியால் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் அதே நொதி) மரபணுவை எப்படிப் பிடித்தார்? ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஒரு செல்லில் அந்த நொதி மிகக் குறைவு என்று படித்தேன்.

குறைவு என்பதால்தான் நொதியைத் தேடாமல் மரபணுவைத் தேடினார். அந்த நொதி இல்லாத ஈ.கோலை வகை ஒன்றை எடுத்து, அதற்குள் மரபணுத் துண்டுகளைப் பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு டி.என்.ஏ. வளையம்) வைத்துச் செலுத்த வேண்டும். பிறகு புற ஊதா ஒளி, உடனே நீல ஒளி. மரபணு கிடைத்த செல் நீல ஒளியில் தன்னைச் சரிசெய்துகொண்டு பிழைக்கும், மற்றவை சாகும். ஒரு சுற்றில் தற்செயலாகத் தப்பியவையும் கலந்திருக்கும். பிழைத்ததை வளர்த்து அதே சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அவை கழிந்துபோகும்.

இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது அறை விளக்கால். நொதிக்கு வேண்டியது 350 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஒளி. அது சாதாரண டியூப்லைட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. ‘இருட்டில் வைத்த’ ஒப்பீட்டுத் தட்டை டியூப்லைட் அடியில் எடுத்துப் பார்த்தாலே கணக்கு தப்பும். மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள்.

அதே மாணவி: சுத்திகரித்த நொதி நீல நிறமாக இருந்ததாமே?

ஆமாம். உள்ளே இருக்கும் ஃபிளேவின் என்ற துணைக்கூறு, சுத்திகரிக்கும்போது காற்றுப் பட்டு ஓர் எலக்ட்ரானை இழந்துவிடும். அப்போது வரும் நிறம் அது. பார்க்க அழகு, ஆனால் செயல்படும் வடிவம் அதுவல்ல. முழுதாக ஒடுக்கப்பட்ட, அதாவது எலக்ட்ரானை இழக்காத ஃபிளேவின்தான் தைமின் இணைப்புக்கு (புற ஊதாவால் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கத்துத் தைமின்கள்) எலக்ட்ரானைக் கொடுத்துப் பிரிக்கிறது, வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. நீல நிறத்தைக் கண்டு ‘நொதி நன்றாக இருக்கிறது’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கல்லூரி விரிவுரையாளர்: யேலில் அவர் உருவாக்கிய மேக்ஸிசெல் முறையை, அதாவது பிளாஸ்மிட்டில் உள்ள மரபணுக்களின் புரதங்களை மட்டும் பார்க்கும் வழியை, வகுப்பில் விளக்க வேண்டும். புற ஊதாவில் பிளாஸ்மிட் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

அளவுதான் காரணம். ஈ.கோலையின் குரோமோசோம் சுமார் 46 லட்சம் கார இணைகள் நீளம், சாதாரண பிளாஸ்மிட் நான்கைந்தாயிரம். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். மழைத்தூறலில் மைதானம் நனைகிறது, அதில் கிடக்கும் தீப்பெட்டி நனையாமலும் இருக்கலாம். செல்லுக்குள் பல பிரதிகள் வேறு.

பழுதுநீக்கும் வசதியும், அடிபட்ட டி.என்.ஏ.வை மீட்க உதவும் ரெக்-ஏ மரபணுவும் கெட்ட செல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அடிபட்ட குரோமோசோம் சில மணி நேரத்தில் சிதைந்துபோகும். அடிபடாத பிளாஸ்மிட்கள் பெருகும். இரவு முழுவதும் வைப்பதற்கு முன் சைக்ளோசெரின் சேர்ப்பார்கள். தப்பிப் பிழைத்து வளரும் செல்களின் சுவர்க் கட்டுமானத்தை அது குலைத்து உடைத்துவிடும். இதை மறந்தால், காலையில் முழு குரோமோசோமுடன் ஒரு புதுக் கூட்டமே வளர்ந்திருக்கும். பிறகு கந்தகம் இல்லாத ஊடகத்தில் செல்களைப் பட்டினி போட்டு, கதிரியக்கக் கந்தகம்-35 கொண்ட மெத்தியோனின் கொடுத்தால், பிளாஸ்மிட்டில் எழுதப்பட்ட புரதங்கள் மட்டுமே அடையாளம் பெறும். ஜெல்லில் ஓட்டி எக்ஸ்ரே ஃபிலிமில் பார்க்கலாம்.

புற ஊதா கூடினால் பிளாஸ்மிட்டும் அடிபடும், பட்டைகள் மங்கும். குறைந்தால் ஜெல் முழுக்கப் புகைமூட்டம். இன்னொன்று, பிளாஸ்மிட்டில் ஏற்கெனவே உள்ள, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒரு பட்டை தரும். பலர் அதைப் புதுப் புரதம் என்று குதிப்பார்கள். வெற்றுப் பிளாஸ்மிட்டைப் பக்கத்து வரிசையில் ஓட்டாத ஜெல்லை நம்பவே வேண்டாம்.

இந்த வழியில்தான், பழுதை வெட்டியெடுக்கும் யு.வி.ஆர்.-ஏ, பி, சி மூன்று புரதங்களும் அடையாளம் காணப்பட்டன.

ஆய்வு மாணவர்: நோபல் கொடுத்த அளவுக்கு, இந்தப் புரதங்கள் பழுதை வெட்டும் விதத்தைக் காட்டிய 1983 ஆய்வில் என்ன புதிது? பழுதான பகுதியை வெட்டியெடுத்து இடத்தை நிரப்புவது 1964-லேயே தெரிந்ததுதானே?

வெட்டுவது தெரியும், எங்கே எத்தனை வெட்டு என்பது தெரியாது. பழுதின் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் நொதிகள் அப்போது அறிமுகமாகியிருந்தன. அதனால் இதுவும் ஒரு பக்கம் வெட்டும், மற்ற பக்கத்தை இன்னொரு நொதி அரித்துக்கொண்டு போகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. சன்ஜாரும் ரப்பும் ஒரே டி.என்.ஏ. துண்டை ஒருமுறை 5′ முனையிலும் ஒருமுறை 3′ முனையிலும் (டி.என்.ஏ. இழையின் இரு முனைகளின் பெயர்கள்) கதிரியக்க அடையாளமிட்டு, வரிசை அறியும் ஜெல்லில் ஓட்டினார்கள். ஒரு முனையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு வெட்டுத்தான் தெரிந்திருக்கும். இரண்டையும் பார்த்ததில், 5′ பக்கம் எட்டாவது பாஸ்பேட் பிணைப்பிலும் 3′ பக்கம் நான்காவது அல்லது ஐந்தாவதிலும் வெட்டு. 12, 13 நியூக்ளியோடைடு (டி.என்.ஏ. இழையின் ஒவ்வொரு கண்ணி) நீளத் துண்டு அப்படியே கழன்று வருகிறது.

மனித செல்லில் இதே கேள்விக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல் சாற்றில் வெட்டிய இடம் உடனே நிரப்பப்பட்டுவிடும், முனை அடையாளம் எதையும் காட்டாது. அடையாளத்தைப் பழுதுக்கு அருகிலேயே, துண்டின் நடுவில் வைத்தால் கழன்ற துண்டு தனிப் பட்டையாகத் தெரியும். விடை: பெரும்பாலும் 27 முதல் 29 நியூக்ளியோடைடு. சாற்றில் உள்ள மற்ற நொதிகள் துண்டை மேலும் கடித்துவிடும் என்பதால், நேரம் கூடக்கூடக் குட்டைப் பட்டைகள் வரும். அவற்றை வேறு வெட்டு என்று படிக்கக் கூடாது.

ஒரு வாசகர்: மனிதனுக்கு ஃபோட்டோலயேஸ் உண்டா?

இல்லை. அதே உருவச் சாயலில் கிரிப்டோகுரோம் உண்டு. அது டி.என்.ஏ.வைச் சரிசெய்யாது, உடற்கடிகாரத்தின் பாகம். அதிலும் சன்ஜார் குழுவுக்குப் பங்குண்டு.

ஆய்வு மாணவர்: எக்ஸ்ஆர்-சீக் முறையில் பழைய நொதி திரும்ப வருகிறது என்கிறார்களே?

2015-இல் வந்த முறை அது. மனித செல் வெட்டி எறிந்த துண்டுகளைச் சேகரித்து, மரபணுத் தொகுதி முழுவதும் எங்கே பழுது நீங்குகிறது என்று படிப்பது. துண்டு இன்னும் டி.எஃப்.ஐ.ஐ.எச். என்ற புரதத் தொகுப்பைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொகுப்பைப் பற்றும் எதிர்ப்புரதத்தால் (ஆன்டிபாடி) இழுத்தெடுக்க வேண்டும். சிக்கல் அடுத்த படியில். பழுது துண்டின் உள்ளேயே இருக்கிறது, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். நொதி அதில் முட்டி நின்றுவிடும். எனவே நகலெடுக்கும் முன் ஃபோட்டோலயேஸும் நீல ஒளியும் கொடுத்துத் தைமின் இணைப்பைப் பிரிக்கிறார்கள். இந்தப் படி அரைகுறையானால் வாசிப்புக்குத் தயாரித்த டி.என்.ஏ. துண்டுத் தொகுப்பு மெலிந்து, பழுதில்லாத குப்பைத் துண்டுகளே வாசிப்பில் நிறையும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் பழுதுக்கு இந்த நொதி உதவாது. அதற்குச் சோடியம் சயனைடு, புகைப்போக்கிப் பெட்டிக்குள், அமிலம் எதுவும் அருகில் வராமல்.