தெரு நிற்கும், வீடு மாறும்: நகர வடிவம் பற்றிய கேள்வி பதில்

நகர வடிவம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது தவறோ என்று நினைக்கும் அளவுக்குக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): நகர உருவவியலும் நகரத் திட்டமிடலும் ஒன்றுதானா?

இல்லை. இனி என்ன கட்டலாம் என்பது திட்டமிடுபவரின் கவலை. ஏற்கெனவே இருப்பது ஏன் இப்படி இருக்கிறது என்பது நகர உருவவியல் படிக்கும் எங்கள் கவலை. தெரு, மனை, கட்டடம் ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்க்கிறோம். கட்டடத்தை அதன் சொந்தக்காரர் நினைத்தால் இடித்துவிடலாம். மனையின் எல்லையை நகர்த்தப் பக்கத்து மனைக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தெருவை நகர்த்துவதென்றால் அதில் வாசல் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஐந்நூறு வயதுத் தெருவில் ஐந்து வயது வீடு நிற்கிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கேள்வி: ஊரே எரிந்து போனால்? அப்போதாவது புதிதாக வரையலாமே?

1666 தீ விபத்துக்குப் பிறகு லண்டனில் அப்படித்தான் நினைத்தார்கள். தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகலமான நேர்சாலைகளோடு ஒரு திட்டத்தை மன்னரிடம் கொடுத்தார். வேறு சிலரும் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வீடு எரிந்ததே தவிர, மனை எரியவில்லை. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உரிமையாளர் இருந்தார், குத்தகைக்காரர் இருந்தார், நஷ்டஈடு கொடுக்கப் பணம் இல்லை, மக்களுக்கோ உடனே கூரை வேண்டும். கடைசியில் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது, சில தெருக்கள் அகலமாயின, ஓரிரு புதுத் தெருக்கள் திறந்தன. மற்றபடி பழைய கோடுகள்தான்.

1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு போர்ச்சுகலின் லிஸ்பன் இதற்கு நேர்மாறு. அங்கே நகரின் தாழ்வான மையப்பகுதியை உண்மையிலேயே கட்டம் கட்டமாக மாற்றி வரைந்தார்கள். இடிபாடுகளை அளந்து முடிக்கும்வரை யாரும் திரும்பக் கட்டக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடையை நிலைநிறுத்தும் அதிகாரம் பின்னாளில் பொம்பால் பிரபு ஆன அமைச்சரின் கையில் இருந்தது. ரென்னிடம் வரைபடம் மட்டும்தான் இருந்தது.

கேள்வி (கட்டட ஒப்பந்ததாரர்): மனையின் அளவு கட்டடத்தை அவ்வளவு பாதிக்குமா? நல்ல வடிவமைப்பாளர் இருந்தால் சமாளித்துவிடலாம் அல்லவா?

ஓரளவுக்குத்தான். நியூயார்க்கைப் பாருங்கள். மன்ஹாட்டனின் 1811 திட்டம் தெருக்களை மட்டும் வரைந்தது. ஆனால் இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே சுமார் 200 அடி விட்டதால், முதுகோடு முதுகாக இரண்டு மனைகள் அமைந்தன. ஒவ்வொன்றும் 25 அடி அகலம், 100 அடி ஆழம். ஒரு குடும்பத்துக்கு அது நல்ல அளவு. பின்னால் அதே மனையில் ஐந்தாறு மாடி வாடகைக் குடியிருப்புகளை அடைத்தார்கள். நடு அறைகளுக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எல்லா அறைக்கும் வெளிப்பக்கம் ஜன்னல் வேண்டும் என்று 1879இல் சட்டம் வந்தது. கட்டுபவர்கள் என்ன செய்தார்கள்? பக்கவாட்டில் இடுப்பை மட்டும் கொஞ்சம் ஒடுக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பெல் மாதிரி இருக்கும். இரண்டு கட்டடங்களின் இடுப்புக்கு நடுவே ஒரு குறுகிய காற்றுக்குழி. அதில் காற்றைவிடக் குப்பைதான் அதிகம் விழுந்தது. 1901 சட்டம் பெரிய முற்றம் கேட்ட பிறகுதான் அந்த 25 அடி மனை கட்டுபடியாகாமல் போனது. அத்தனை வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டது வடிவமைப்பாளர். பிரச்சினை இருந்தது மனையில்.

கேள்வி: இத்தாலியில் லூக்கா நகரில் முட்டை வடிவச் சதுக்கம் பார்த்தேன். ஏன் அப்படி?

நீங்கள் நின்றது ரோமானிய அரங்கத்தின் நடுவில். அரங்கம் பயனற்றுப் போனதும் வளைந்த சுவர்களை முதுகாக வைத்துச் சுற்றிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். இலவசச் சுவர், யார் விடுவார்? நடுப்பகுதியும் பிற்காலக் கட்டடங்களால் நிரம்பியிருந்தது. 1830களில் அதைக் காலி செய்து சதுக்கமாக்கினார்கள். அடுத்த முறை போனால் உள்ளே காபி குடித்தது போதும் என்று வெளிப்பக்கம் ஒரு சுற்று நடங்கள். வீட்டுச் சுவர்களுக்குள் பழைய வளைவுகள் புதைந்திருப்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: பல நகரங்களில் மையத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பூங்கா, மருத்துவமனை, கல்லூரி, கல்லறை என்று வருகிறதே?

நல்ல கண் உங்களுக்கு. இதை விளிம்பு வளையம் என்கிறோம். 1936இல் புவியியலாளர் ஹெர்பர்ட் லூயிஸ் பெர்லினை ஆராய்ந்தபோது இதைக் கவனித்தார். அவர் வழியில் வந்த எம்.ஆர்.ஜி. கான்சன், 1960இல் ஆனிக் என்ற சிறிய ஆங்கில ஊரை மனை மனையாகப் படித்து இதை விரிவாக்கினார். வீடு கட்டும் வேகம் குறையும் காலத்தில் ஊர் விளிம்பில் நிலம் மலிவாகக் கிடக்கும். நிறைய இடம் தேவைப்படுகிற, ஆனால் கடைவீதியில் இருக்க வேண்டிய அவசியமில்லாத நிறுவனங்கள் அங்கே போய் உட்காரும். மறுபடி ஊர் வளரும்போது வீடுகள் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆக, அந்த வளையம் ஊர் ஒருகாலத்தில் மூச்சு வாங்கி நின்ற இடம். கோட்டைச் சுவர் இருந்த ஊர்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். வியன்னாவில் சுவரை இடிக்க 1857இல் ஆணை வந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய வட்டச்சாலையும் அருங்காட்சியகங்களும் நாடாளுமன்றமும் இருக்கின்றன.

கேள்வி: திட்டமிட்ட நகரம், தானாக வளர்ந்த நகரம். எது நல்லது?

இந்தப் பிரிவே எனக்குப் பிடிக்காது. வளைந்த சந்துகளையும் யாரோ அளந்து, சண்டை போட்டு, ஒப்புக்கொண்டுதான் விட்டிருப்பார்கள். திட்டமிட்டதும் திட்டப்படி நிற்பதில்லை. பார்சிலோனாவில் பொறியாளர் செர்தாவின் 1859 திட்டத்தில் சுமார் 113 மீட்டர் பக்கமுள்ள பிளாக்குகள் (நாலா பக்கமும் தெரு சூழ்ந்த துண்டுகள்) இருந்தன. பெரும்பாலும் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவே தோட்டம் என்பது அவர் எண்ணம். நிலத்தின் விலை நான்கு பக்கமும் கட்ட வைத்தது, நடுவையும் பெரும்பாலும் நிரப்பியது. 20 மீட்டர் அகலத் தெருவும் பிளாக்குகளின் சாய்வாக வெட்டிய மூலைகளும் மட்டும் அவர் போட்டபடியே இருக்கின்றன.

கேள்வி: கணினியில் தெரு வலைப்பின்னலைக் கணக்கிடும் முறை நம்பகமானதா?

பில் ஹில்லியர் என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கிய முறையைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தத் தெருவில் நடமாட்டம் அதிகம் இருக்கும் என்று ஊகிக்க நன்றாக உதவும். ஆனால் அதன் அடிப்படைக் கணக்கில் மனையும் இல்லை, கட்டடத்தின் உயரமும் இல்லை. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

கேள்வி: நானே செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

கிடைப்பதிலேயே பழைய மனை வரைபடம் ஒன்றும் புதியது ஒன்றும் எடுத்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மெல்லிய தாளில் மனைக் கோடுகளை மட்டும் வரையுங்கள். கட்டடத்தை முதலில் வரையவே வேண்டாம், கண்ணை ஏமாற்றும். அப்புறம் முகப்பு அகலங்களை அளந்து எழுதுங்கள். ஒரே எண்ணோ அதன் பாதியோ இரட்டிப்போ திரும்பத் திரும்ப வந்தால், யாரோ ஒருவர் ஒரே கோலால் அளந்து பிரித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். இடைக்கால இங்கிலாந்தில் அந்தக் கோல் 16½ அடி. ஒரு பிளாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல் முறை முழு ஊரையும் எடுத்தேன், அந்தத் தாள் சுருள் இன்னும் அலமாரி மேலேதான் கிடக்கிறது.