ஸ்பிரின்ட் கார் எஞ்சின்: கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு எஞ்சின் பட்டறையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். மண் தடத்தில் ஓடும் ஸ்பிரின்ட் கார் என்ற சின்னப் பந்தயக் கார்களுக்கு 410 எஞ்சின் கட்டுவதும் பிரித்துப் பார்ப்பதும்தான் அங்கே என் வேலை. "எஞ்சின் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 410 என்பது என்ன? மாடல் நம்பரா?

கொள்ளளவு. எட்டு சிலிண்டரும் சேர்ந்து 410 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 4.165 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.76 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 409.8 வரும். செவ்ரோலே 1955-ல் கொண்டுவந்த சின்ன வி8 எஞ்சினின் வம்சம் இது. ஆனால் இன்றைக்கு பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். சுமார் 900 குதிரைத்திறன் தரும். வண்டியோ ஓட்டுநரையும் சேர்த்து ஏறக்குறைய 640 கிலோதான். 1978-ல் தொடங்கிய 'வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ்' பந்தயத் தொடரில் ஓடுவது இந்த வகை. இதற்குக் கீழே 360, அதற்கும் கீழே 305 என்று சின்ன வகுப்புகளும் உண்டு.

கேள்வி: டர்போ போட்டால் இன்னும் பவர் வருமே, ஏன் போடுவதில்லை?

விதி அனுமதிக்காது.

கேள்வி: மெத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி அதிகமா? அதனால்தான் அதை ஊற்றுகிறார்களா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு கிலோ மெத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். எஞ்சினுக்குள் இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது இல்லையா? அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மெத்தனாலை எரிக்கலாம். சக்திக் கணக்கு அங்கேயே சமமாகிவிடும்.

அசல் லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதே அளவு காற்றுக்குப் பார்த்தால், பெட்ரோலைவிட ஏழு மடங்கு சூட்டை எடுத்துவிடுகிறது. ஓடி முடித்த வண்டியில் இன்டேக் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள், பக்கத்தில் எக்ஸாஸ்ட் தகதகக்கும்போது இது சில்லென்று இருக்கும். அதனால்தான் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம்) 14, 15-க்கு ஏற்றினாலும் எஞ்சின் நாக் அடிப்பதில்லை, அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பதில்லை.

கேள்வி: சார், கோயம்புத்தூரில் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். உச்ச குதிரைத்திறனுக்கு எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ட்யூன் செய்வீர்கள்?

உங்கள் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நானும் முதல் இரண்டு வருடம் இதையேதான் துரத்தினேன். டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) காகிதத்தில் அச்சாகும் அந்த ஒரு எண்ணை வைத்து மண் தடத்தில் ஜெயிக்க முடியாது.

இந்த வண்டியில் கிளட்ச் இல்லை, கியர் மாற்றுவதும் இல்லை. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு நேரடி இணைப்பு. அன்றைய தடத்துக்கு எந்த விகிதம் வேண்டுமோ, அதற்கேற்ற இரண்டு பல்சக்கரங்களைப் பின்னால் மாட்டிவிட்டு இறங்குவார்கள். ஆக வளைவுக்குள் போகும்போது எஞ்சின் சுற்று இறங்கும், வெளியே வரும்போது ஏறும். நேர்ப்பாதையின் கடைசியில் 8,500, 9,000 என்று தொடுவது ஒரு கணம்தான். அயோவாவின் நாக்ஸ்வில் தடம் அரை மைல் கரிய மண். மாலையில் ஈரமாகப் பிடிக்கும். ராத்திரி பெரிய போட்டி வரும்போது ரப்பர் தேய்த்து, காய்ந்து, கண்ணாடி மாதிரி வழுக்கும். அங்கே 900 குதிரையும் ஒரே அடியாக வந்தால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது.

ஓட்டுநருக்கு வேண்டியது பிக்கப். கால் கட்டைவிரலை ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் அந்த மில்லிமீட்டருக்கான இழுவை மட்டும் வர வேண்டும். நடு ஆர்பிஎம்மில் இழுவை ஒரே சீராக ஏற வேண்டும், பள்ளமோ திடீர் மேடோ கூடாது. அதற்காக உச்சத்தில் பத்துப் பதினைந்து குதிரையை விட்டுக்கொடுத்து கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) தேர்ந்தெடுப்பேன், இன்டேக் குழாயைக் கொஞ்சம் நீளமாக வைப்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கேள்வி: 'பில்' மாற்றுகிறார்கள் என்கிறார்களே, அது என்ன மாத்திரை?

பெயர் மட்டும்தான் மாத்திரை. நடுவில் ஒரு துளை போட்ட சின்ன உலோக வில்லை அது. இதில் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன், கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப பம்ப் எரிபொருளைத் தள்ளும். காற்று கனமா லேசா என்பது அதற்குத் தெரியாது. தேவைக்கு மேல் வருவது இந்தத் துளை வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். துளை பெரிதானால் அதிகம் திரும்பும், கலவை லீனாகும் (எரிபொருள் குறைவு). சிறிதானால் ரிச் (எரிபொருள் அதிகம்).

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாலை, நல்ல புழுக்கம். காற்று லேசாக இருந்ததால் பெரிய பில் போட்டிருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு மெயின் ரேஸ், அதற்குள் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த காற்று கனம், அதற்கு எரிபொருள் கூட வேண்டும். சின்ன பில்லுக்கு மாற்ற வேண்டியது என் பொறுப்பு, டயர் வேலையில் மறந்துவிட்டேன். கலவை லீனாகி எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானது, பாதி ரேஸில் வண்டி நின்றது. திங்கட்கிழமை ஹெட்டைக் கழற்றினால் இரண்டு பிஸ்டன் தலையில் மெழுகு உருகி வழிந்த மாதிரி குழி. அந்தப் பிஸ்டன்களில் ஒன்று இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது.

கேள்வி: ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாமல் எப்படி ஸ்டார்ட் ஆகிறது?

பின்னால் ஒரு வண்டி வந்து தள்ளும். ஓட்டுநர் எஞ்சினைப் பின் அச்சோடு இணைத்துவிட்டு ஆயில் பிரஷர் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஏறிய பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும், அவசரப்பட்டால் பேரிங் போய்விடும். பேட்டரியும் கிடையாது, தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோ தானே தயாரித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒவ்வொரு ராத்திரியும் ஆயில் மாற்றுவது வீண் செலவு இல்லையா?

இல்லவே இல்லை. எரியாத மெத்தனால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும், தண்ணீரும் சேரும். வடித்துப் பாருங்கள், பால் விட்ட காபி நிறத்தில் வரும். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிப்பதால், நன்றாகச் சூடான ஆயிலிலிருந்து கொஞ்சம் ஆவியாகிப் போகும். எல்லாம் போகாது.

ஆயிலைவிட முக்கியம் ஃபில்டர். அதை அறுத்து, காகித மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிசாக மினுக்கும் செதில் என்றால் பேரிங். காந்தத்தில் ஒட்டும் ஊசித் துணுக்கு கிடைத்தால், வால்வு லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்) ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங் உடைய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் டேப்பட் செட்டிங், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஃபீலர் கேஜ் வைத்துப் பதினாறு வால்வுக்கும் அளந்து நோட்டில் எழுதுங்கள், எப்போதும் எஞ்சின் ஆறிய பிறகு. அலுமினியம் சூட்டில் விரிவதால் இடைவெளி மாறிக் காட்டும். போன வாரத்தைவிட இடைவெளி கூடியிருந்தால் லிஃப்டர் அல்லது கேம் தேய்கிறது. குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, அல்லது நீள்கிறது. 9,000 சுற்றில் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 28.6 மீட்டர் ஓடுகிறது. வால்வு ஸ்பிரிங் விநாடிக்கு 75 முறை அழுந்தி எழுகிறது. இந்த நோட்டை எழுதாதவர் எஞ்சினை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ட்ரை சம்ப் கட்டாயமா?

ஆமாம். எப்போதும் இடது பக்கமே திரும்புவதால் ஆயில் எல்லாம் வலது பக்கம் ஒதுங்கிவிடும். சாதாரண சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்றால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். ட்ரை சம்ப் அதற்குத்தான்: தனி டேங்கும், கிராங்க் அறையிலிருந்து ஆயிலை இழுக்கும் பம்பும் வேண்டும். அந்தப் பம்ப் உள்ளே வெற்றிடம் உண்டாக்குவதால் ரிங் நன்றாக உட்காரும்.

கேள்வி: மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாதாமே?

பகலில் தெரியாது. ஆள் கையை உதறிக்கொண்டு துடிப்பார், நமக்கு ஒன்றும் தெரியாது. காற்று கானல் மாதிரி நெளிகிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல விஷயம், மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும், தண்ணீர் ஊற்றியே அணைக்கலாம். எரிபொருள் நிரப்பும்போது ஒரு வாளித் தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் கையுறை. மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் விஷம்.