குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோழிக்கோட்டில் மிஷ்கால் பள்ளியைப் பார்த்தேன். குவிமாடம் இல்லை, மினார் இல்லை. அடுக்கடுக்காக ஓட்டுக்கூரைகள், நிறைய மரவேலை. தூரத்தில் பார்த்தால் கேரளக் கோயில் மாதிரியே இருக்கிறது. இஸ்லாமியக் கட்டடக்கலை அங்கே முழுதாக வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் கட்டடக்கலை மாணவன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மதீனாவில் நபிகள் நாயகம் கட்டிய பள்ளிக்கே குவிமாடமும் மினாரும் கிடையாது. பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், மேலே அதன் ஓலை, அவ்வளவுதான். மினார்கள் அங்கே எழுந்தது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உமய்யா கலீஃபா வலீதின் காலத்தில். தொழுகைக்கு வேண்டியது சுத்தமான இடமும் கிப்லா திசையும், அதாவது மக்காவின் கஃபாவை நோக்கிய திசையும். மற்றதை அந்தந்த ஊரின் மழையும் வெயிலும் தச்சர்களும் கொத்தர்களும் முடிவு செய்தார்கள்.

வங்காளத்தைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அதுதான். வண்டல் மண் பூமி, கல் அரிது. அதனால் செங்கல்லில் கட்டி, சுடுமண் பலகைகளில் பூவும் கொடியும் செதுக்கினார்கள். அங்குள்ள மூங்கில் குடிசையின் கூரை விளிம்பு, மழைநீர் வழிந்தோட இருபுறமும் வளைந்து இறங்கும். 15ஆம் நூற்றாண்டில் அந்த வளைவு அப்படியே பள்ளிவாசல் சுவர்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. இன்றைய வங்கதேசத்தின் பாகர்ஹாட்டில், அப்பகுதியை ஆண்ட கான் ஜஹான் கட்டிய அறுபது குவிமாடப் பள்ளியில் உண்மையில் 77 இருக்கின்றன. நடுவரிசையில் உள்ள ஏழும் உருண்டையானவை இல்லை, நான்கு பக்கமும் சரியும் குடிசைக் கூரையின் வடிவம். சுல்தான்களின் காலத்துக் கொத்தர் தன் வீட்டுக் கூரையைச் செங்கல்லில் எழுப்பியிருக்கிறார். இதை எப்படிக் குறைவளர்ச்சி என்பது?

ஸ்ரீநகர் ஜாமியா பள்ளியில் தேவதாரு மரத் தூண்கள், கூம்புக் கூரை. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் டெமாக் ஊர்ப் பள்ளியில் மூன்றடுக்குக் கூரை.

மலபாருக்கு வருவோம். மிஷ்கால், கப்பல் வணிகர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1510இல் போர்த்துகீசியர் தீ வைத்தார்கள். பிறகு செப்பனிட்டபோதும் அதே மரம், அதே சரிவுக்கூரைதான். அந்த மழைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பக்கத்திலேயே முச்சுந்திப் பள்ளியில் அரபியும் வட்டெழுத்தும் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. பள்ளியின் செலவுக்குக் கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரி கொடுத்த மானியத்தைச் சொல்வது.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இப்போது மலபாரில் பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிகள் பலவற்றை இடித்துவிட்டு, கான்கிரீட் குவிமாடம் வைக்கிறார்கள். இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் இடிக்கும் முன் யாராவது அளந்து வரைந்து வைக்க வேண்டாமா? நீங்கள் படிக்கும் படிப்புக்கு அது முடியும். கூரையின் உட்புறத்தில், கைமரங்கள் கூடும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.