பழைய பிரெஞ்சு ஃபேஷன் படங்களில் ஏன் பெரும்பாலும் இரண்டு பெண்கள்?

பெரும்பாலும் இரண்டு பெண்கள் இருப்பது உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பத்திரிகைகளின் ஃபேஷன் படங்கள் பலவற்றில் ஒருத்தி நம்மைப் பார்த்து நிற்பாள், இன்னொருத்தி முதுகைக் காட்டியிருப்பாள். காரணம் எளிது: உடையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரிய வேண்டும். 1860-இல் தொடங்கிய 'லா மோட் இல்யூஸ்த்ரே' இதழ் தையலுக்கான வெட்டு அளவுகளையும் சேர்த்தே கொடுத்தது. படத்தைப் பார்த்து வீட்டிலேயே தைத்துக்கொண்டவர்கள் உண்டு.

அப்புறம், அந்தப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். வரவேற்பறை, தோட்டம், பியானோ அருகே, குழந்தையோடு. வேலை செய்யும் பெண் அநேகமாக இல்லை. வசதியான குடும்பத்துப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற பாடமும் உடையோடு சேர்ந்தே வந்தது.

ஆனால் இவற்றில் பலவற்றை வரைந்தவர்கள் உழைத்துச் சம்பாதித்த பெண்கள்! ஓவியர் அலெக்ஸாந்த்ர் கொலேனின் மகள்கள் எலோயீஸ் லெலுவார், அனயீஸ் தூதூஸ், லோர் நோயெல் மூவரும் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். அச்சான தாள்களுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். இந்த ஓவியங்களை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் செசான் 1871 வாக்கில் இவற்றைப் பார்த்தே இரண்டு ஓவியங்கள் தீட்டினார்.