ஆலோசகருக்குக் கண்ணீர் வரலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பகலில் அலுவலகம், மாலையில் பகுதிநேர ஆலோசகர் படிப்பு. சென்ற வாரம் மூவர் பயிற்சியில் (ஒருவர் பேச, ஒருவர் ஆலோசகராகக் கேட்க, ஒருவர் கவனிப்பார்) எதிரில் இருந்தவர் தன் அப்பாவின் குடியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அழுதுவிட்டேன். என் அப்பாவும் அப்படித்தான். என் காயமே ஆறாதபோது யாருக்கு நான் உதவுவது? படிப்பை விட்டுவிடலாமா?
வ., ஈசூன்

அன்புள்ள வ.,

விட வேண்டாம். சிகிச்சையளிப்பவருக்குள் கிளம்பும் இத்தகைய உணர்ச்சியைக் கண்டுகொண்டு கடந்தாக வேண்டும் என்று 1910இல் எழுதினார் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட். 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பௌலா ஹைமன், எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்ள அதுவே கருவி என்றார். எனக்கு ஹைமன் கட்சிதான். ஆனால் உணர்ச்சி யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாத காயம் பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. 50 நிமிட அமர்வு ஒருவருக்கு மட்டும் 70 நிமிடமாக நீளும். அவர் சற்று மௌனமானால் தாங்காமல் கேள்வி கேட்போம், கதை முடியுமுன்பே அறிவுரை சொல்வோம். குடிக்கும் அப்பாவே ஆலோசனைக்கு வந்தால், பணிவாகப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் தீர்ப்பு எழுதியிருப்போம். தமிழில் பேசுபவர்களிடம் இன்னொரு கண்ணியும் உண்டு. "அக்கா, நம்ம வீட்டு ஆம்பளைங்கள பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்பார்கள். தலையாட்டினால் போச்சு, அதற்குப் பிறகு ஓடுவது நம் வீட்டுக் கதை. "உங்க வீட்டுல எப்படி, சொல்லுங்க" என்று கேட்க வேண்டிய இடம் அது.

அமர்வு முடிந்த கையோடு 10 நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் அவர் சொன்னது, அவருடைய சொற்களிலேயே. வலப்பக்கம் அப்போது உங்களுக்கு நடந்தது: தாடை இறுகியது, கை சில்லிட்டது, கடிகாரத்தைப் பார்த்தது. பெயரோ அடையாளமோ வேண்டாம். நாலைந்து அமர்வுக்குப் பின் வலப்பக்கத்தை மட்டும் படித்தால் எங்கே இடறுகிறீர்கள் என்று தெரியும்.

அதை, பயிற்சியில் உங்கள் அமர்வுகளைக் கவனித்து வழிகாட்டும் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். ஆனால் உங்கள் வேலையை அது எப்படிப் பாதிக்கிறது என்பதோடு அங்கே நிறுத்துங்கள். உங்களை மதிப்பிடுபவரும் அவராகவே இருக்கலாம். அப்பாவைப் பற்றிய மீதியைப் பேச உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் வட்டம் சிறியது, ஆகவே அறிமுகமே இல்லாத ஒருவர் நல்லது, ஆங்கிலத்தில் பேச நேர்ந்தாலும் சரி. அழுகை மட்டும் தமிழில் வரும், வரட்டும்.

மூவர் பயிற்சியில் நீங்கள் பேசும் முறை வந்தால், 10க்கு 3 அளவு வலிக்கும் விஷயத்தை எடுங்கள். மேலதிகாரியோடு உரசல் போதும். 9ஐத் திறந்தால் 20 நிமிடத்தில் மூட முடியாது, கேட்பவரும் மாணவர்தானே. கேட்கும்போது மறுபடி தடுமாறினால், பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, "கொஞ்சம் நிறுத்திக்கலாமா?" என்று கேளுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, குடி சம்பந்தப்பட்டவர்களைத் தவிர்க்கச் சாக்குத் தேடத் தொடங்கினாலோ, களப்பயிற்சியை ஒரு பருவம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில் தாங்கவில்லை என்றால், தற்கொலைத் தடுப்பு உதவி அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆலோசகராகப் போகிறவர் அழைக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை.